கறுத்த குப்பி

மட்டாஞ்சேரியில் கிணறு இருப்பது பெரிய காரியமில்லை. ஓர் ஆள் ஆழம் தோண்டினால் யார் வீட்டிலும் தண்ணீர் வந்துவிடும். அது கரிக்காமல் இருப்பதுதான் காரியம். காயலில் ஏற்றம் வந்து கடல்நீர் உள்ளே ஏறினால் பாதிக் கிணறுகளில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அப்படிப்பட்ட ஊரில், தமிழ்ப் பிராமணர்களின் சமூகத்துத் தெருவின் கடைசி வீட்டில், வைத்தீஸ்வரனுடைய கிணற்றில் மட்டும் கடுங்கோடையிலும் நல்ல தண்ணீர். அவர் மனைவி கமலாக்ஷிக்கு அதில் இருந்த பெருமையைக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியுமானால் போட்டுக்கொண்டிருப்பாள்.

பெருமை மட்டுமல்ல, பிழைப்பும் அதில்தான். வைத்தீஸ்வரன் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு பைப்புக் கடையில் விற்பனையாள். அந்தச் சம்பளம் படகேறி வீடு வந்து சேர்வதற்குள்ளேயே இளைத்துப்போகும். குடும்பத்தை நிமிர்த்தி வைத்திருந்தது தோசை மாவு. 'கமலா மாமி மாவு' என்றால் நாணுவின் கடை உட்பட மூன்று கடைகளில் காலையில் வைத்தது பத்து மணிக்கு இருக்காது. சமூக மடத்தில் நவராத்திரி வந்தால் அங்கே இட்லிக்கும் அவள் மாவுதான்.

அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். விடியுமுன் எழுந்து, கிணற்றை ஒட்டிப் போட்டிருந்த கருங்கல்லில் நின்று, உடுத்த புடவையோடு தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொள்வாள். ஈரம் சொட்டச் சொட்ட மாவுக்கான தண்ணீரைக் கயிறு போட்டு இறைப்பாள். மோட்டார் இருந்தது. ஆனால் மோட்டாருக்குள் தோல் வாஷர் இருக்கிறது, தோல் பட்ட தண்ணீர் மடிக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவிட்டார்கள். "இப்பெல்லாம் ரப்பராக்கும் கமலா, நானே விக்கறேன்" என்று வைத்தீஸ்வரன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். முனிசிபல் பைப்புத் தண்ணீரிலோ மருந்து வாசனை, மாவு பொங்காது.

பின்கட்டில் ஓர் ஒற்றை அறையும் அதற்கென்று ஒரு கக்கூஸும் உண்டு. அங்கே வாடகைக்கு இருந்தது சங்கிலிப்பாண்டியின் குடும்பம். உசிலம்பட்டிப் பக்கம். அவன் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவன் மனைவி பாக்கியலக்ஷ்மி, கமலாக்ஷி நிரப்பிய மாவு பாக்கெட்டுகளைச் சூடு வைத்து ஒட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மகள் மகா நாலாம் வகுப்பு. மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இத்தனையும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கமலாக்ஷியின் மகள் அஞ்சனா ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வரைக்கும்.

அஞ்சனா பிளஸ் ஒன். அவளுடைய வேதியியல் ஆசிரியர் சேவியர் சார் ஒரு மாதிரியான மனிதர். கரும்பலகையில் எழுதுவதைக் காட்டிலும் பிள்ளைகள் கையில் கண்ணாடிக் குழாயைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதில்தான் அவருக்கு ருசி. பள்ளி லாபிலேயே கிணற்று நீரைச் சோதிக்கலாம் என்று அரசாங்கத்தில் சாமான்கள் வந்து இறங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரணும், அவரவரே சோதிக்கணும் என்றார்.

முதலில் உப்பு பார்த்தார்கள். தண்ணீரில் மஞ்சளாக ஒரு மருந்து கலந்துவைத்து, மேலேயிருந்து வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடணும். உப்பெல்லாம் தீர்ந்த சொட்டில் மஞ்சள் செங்கல் நிறமாகும். உப்பு அதிகமானால் சொட்டும் அதிகம். தோழி ஷிஃபானாவின் வீட்டுத் தண்ணீருக்கு விட்டுக்கொண்டே இருந்தார்கள். "உன் வீட்டில் கிணறா, கடலா?" என்று ஹரிஷங்கர் கேட்டான். அஞ்சனாவின் தண்ணீர் சில சொட்டிலேயே சிவந்துவிட்டது. வகுப்பிலேயே முதல்.

அன்று மாலை கமலாக்ஷி அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். "சயன்ஸே பறஞ்சாச்சு. நம்மாத்து ஜலமாக்கும் ஃபஸ்ட்."

இரண்டாவது சோதனைக்குச் சொட்டெல்லாம் கிடையாது. தேநீர் நிறத்தில் கொஞ்சம் மருந்து இருக்கிற சிறு குப்பி. அதில் தண்ணீரை நிரப்பி மூடிவைத்துக் காத்திருக்கணும். மனிதக் கழிவில் இருக்கிற கிருமி தண்ணீரில் இருந்தால் குப்பி கறுத்துப்போகும். இல்லாவிட்டால் நிறம் அப்படியே இருக்கும். இரண்டு நாள் கழித்து அலமாரியைத் திறந்தபோது, கரித்த உப்புத் தண்ணீர்க்காரி ஷிஃபானாவின் குப்பி தேநீராகவே இருந்தது. அஞ்சனாவின் குப்பி மை மாதிரி கறுத்திருந்தது.

"குப்பியைப் பள்ளிக்கூடத்துப் பைப்புல கழுவியிருப்பே" என்றாள் கமலாக்ஷி.

"அது கழுவ வேண்டாத குப்பிம்மா. சீல் பண்ணி வரது."

"பின்ன கையைக் கழுவியிருக்க மாட்டே."

அஞ்சனா கையைக் கழுவிக்கொண்டு மறுபடி பிடித்துப் போனாள். மறுபடியும் கறுத்தது.

கமலாக்ஷி அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.  சாப்பிட வந்த வைத்தீஸ்வரன், "இட்லி ஆவியில வேகறதோல்லியோ, கிருமி செத்துப்போகும்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"நாளைக்கு யாராவது ஒருத்தருக்கு வயத்தால போனா, ஆவியில வெந்ததுன்னு நீங்க போய்ப் பறையறேளா?" என்றாள். அவர் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் பார்வை பின்கட்டுக்குப் போனது. அங்கே கக்கூஸ் குழி. கிணற்றிலிருந்து நாலு எட்டு வைத்தால் குழி மூடிமேல் நிற்கலாம்.

"மனுஷக் கழிவுன்னுதானே ஒங்க சார் பறஞ்சார்? வேற எங்கேருந்து வரும்? குழி அங்கேயாக்கும், கெணறு இங்கேயாக்கும். இதைக் கண்டுபிடிக்க குப்பி வேணுமா?"

"அந்தக் குழி ரொம்ப வருஷமா இருக்கேம்மா. நீங்கதானே கட்டினேள்?"

"கட்டினப்ப யாரு இருந்தா? இவா மூணு பேரு, ஊர்லேருந்து வரவா போறவா வேற."

ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கமலாக்ஷியைப் பிடித்து நிறுத்த முடியாது. மாத முடிவில் அறையைக் காலி பண்ணும்படி அன்றைக்கே பாக்கியலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? அவர்கள் போனபின் குழியை மூடுகிற வரைக்கும் பைப்புத் தண்ணீரில்தான் மாவு அரைக்கிறேன், பயப்பட வேண்டாம் என்று கடைகளிலும் தெருவிலும் சொன்னாள். சமூக மடத்துக் காரியதரிசி ராமபத்ரன் வீட்டுக்குப் போய் விசேஷமாகச் சொன்னாள். தண்ணீரைக் கெடுத்தது பின்கட்டுக்காரர்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. கெடுத்தவர்கள் பெயர் இருந்ததால் மாவின் பெயர் கெடவில்லை. பைப்புத் தண்ணீரில் மாவு பொங்காததுதான் அவளுக்குக் குறை.

பாக்கியலக்ஷ்மி சண்டை போடவில்லை. "இடக்கொச்சியில அவரு ஓட்டல்காரவுக ஒரு ரூமு பார்த்து வச்சிருக்காக மாமி. மகாவுக்குப் பள்ளிக்கூடம்தான் தூரமாப் போகும்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து அன்றைய பாக்கெட்டுகளை ஒட்டினாள்.

அஞ்சனாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஒரு குப்பியை நிரப்பினதற்கு ஒரு குடும்பம் சட்டிபானையைக் கட்டுகிறது என்பது அவளை வதைத்தது. சேவியர் சாரிடம் போய் அழாத குறையாகக் கேட்டாள். "குழியிலேர்ந்துதான் வரதுன்னு எப்படி சாரே தெரியும்?"

"தெரியாது" என்றார் அவர், வெகு சந்தோஷமாக. "கறுத்துன்னா கிருமி உண்டு. எங்கேருந்துன்னு குப்பி பறயாது. அறியணும்னா நோக்கணும்."

தேவராவில் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடமிருந்து சார் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். சனிக்கிழமை அஞ்சனாவையும் ஷிஃபானாவையும் ஹரிஷங்கரையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய தமிழ் பாதி சினிமாவிலிருந்தும் பாதி பஸ் ஸ்டாண்டிலிருந்தும் வந்தது.

"மாமி, ஞங்கள் கிணறு ஒண்ணு நோக்கணும்."

கமலாக்ஷி வாசலை மறித்து நின்றாள். கிணற்றடியில் வெளி மனிதர்கள் ஏறினதே இல்லை. ஆனால் வாத்தியாரை எப்படி வாசலோடு அனுப்புவது? "செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ. கயிறைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தக் கதவு முழுசாகச் சாத்தவுமில்லை.

சார் பொட்டலத்தைப் பிரித்தார். செங்காவியாக ஒரு தூள். "குங்குமமா சாரே?" என்றாள் ஷிஃபானா. ஒரு சிட்டிகையை வாளித் தண்ணீரில் போட்டதும் காவி போய் வாளி முழுக்கப் பச்சை பற்றிக்கொண்டது. வெறும் பச்சையில்லை, உள்ளே விளக்கேற்றினது போன்ற பச்சை. "எண்ட பொன்னே" என்று ஹரிஷங்கர் வாயைப் பிளந்தான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"இதைக் குழியில விடும். குழியிலேர்ந்து கிணத்துக்கு வழி உண்டெங்கில், பச்சை கிணத்துல வரும்" என்றார் சார்.

பாக்கியலக்ஷ்மி அறை வாசலில் மகாவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தன் கக்கூஸுக்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு நுழைவதைப் பார்த்தாள். பின்னுகிற கை நின்றது. பாதிப் பின்னலோடு மகாவை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பச்சை உடனே வருமா என்று எல்லாரும் கிணற்றைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். வரவில்லை. மண்ணுக்குள்ளே நடந்து வர நேரமாகும், ஒரு வாரம் பார்க்கணும் என்றார் சார். "டார்ச் அடிச்சு நோக்கினா கொறச்சு இருந்தாலும் மின்னும்."

அந்த வாரம் கமலாக்ஷி வீட்டில் நடந்ததை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அஞ்சனா டார்ச்சோடு கிணற்றை எட்டிப் பார்த்தாள் என்பதில் அதிசயமில்லை. அவள் இல்லாதபோதெல்லாம் கமலாக்ஷி பார்த்தாள். குளித்து முடித்துப் பார்த்தாள். உளுந்தை ஊறப்போட்டுவிட்டுப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிய விட்டுவிட்டுப் பார்த்தாள். முதலிரண்டு நாள் பச்சை வரணுமே என்று பார்த்தாள். பிறகு என்னதான் வரும் என்று தெரிந்துகொள்ளவே பார்த்தாள். கட்டிவந்த நாளிலிருந்து தண்ணீர் இறைக்கிற கிணற்றின் உள்பக்கத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. எந்த உறையில் பாசி, எந்த இடுக்கில் ஃபெர்ன் செடி, வெயில் எந்த நேரத்தில் தண்ணீரைத் தொடுகிறது எல்லாம் இப்போது தெரிந்தது. "ஒரு தவளை இருக்குடி. நன்னாக் கொழுத்து" என்று மகளிடம் சொன்னாள்.

பச்சை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சார் வந்து சாக்கடையில் ஒரு வாளி ஊற்றினார். கொஞ்ச நேரம் காத்திருந்தும் அதுவும் வரவில்லை.

"அப்ப குழியில்லைன்னு தீர்மானமா சாரே?" என்று அஞ்சனா ஆசையாகக் கேட்டாள்.

"இதுவரை வரலை. அத்தரையே பறயான் பற்றுள்ளு, அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அப்படின்னா இனிமே வரலாம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கமலாக்ஷியின் குரல் வந்தது. ஆனால் அந்தக் குரலில் பழைய வேகம் இல்லை. சார் தூளை மடித்துப் பையில் வைத்தார். பிள்ளைகள் செருப்பைத் தேடினார்கள்.

"நில்லுங்கோ" என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "ஒரு சம்சயம். பறயலாமோ வேண்டாமோன்னு ரெண்டு நாளா வச்சிண்டிருக்கேன்."

"பறயூ மாமி."

"மேலேருந்து ரெண்டாவது உறை இருக்கில்லையா, அந்த மூட்டுல ஒரு எடம் காலம்பற நனைஞ்சிருக்கு. மத்தியானம் பார்த்தா உணங்கிக் கெடக்கு. மறுநாள் காலம்பற திரும்பவும் நனைஞ்சிருக்கு. மழையில்லை. பின்ன அது ஏன் காலம்பற மட்டும்?"

சேவியர் சாரின் முகம் மலர்ந்தது. "நல்ல சோத்தியம், நல்ல கேள்வி" என்றார்.

அஞ்சனா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. "எப்பம்மா பார்ப்பே காலம்பற? குளிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"குளிச்சுட்டு... அப்புறந்தான்."

 பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். சார் பொட்டலத்தை மறுபடி வெளியே எடுக்கவுமில்லை, பையை மூடவுமில்லை. இங்கேயே விட்டுவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கல்லைச் சத்தமில்லாமல் சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம். குழிமேல் பழி அப்படியே கிடக்கும். மாவு விற்கும்.

கமலாக்ஷி கையை நீட்டினாள். "அந்தத் தூளை இங்க கொடுங்கோ."

அவளே வாளியில் கரைத்தாள். தினமும் நிற்கிற கருங்கல்லின் பக்கத்தில் போய், தினமும் ஊற்றிக்கொள்கிற உயரத்திலிருந்து, தான் நிற்கிற இடத்தில் கொட்டினாள். கல் பச்சையாக மின்னியது. தண்ணீர் வடிகாலுக்குப் போகிற வழியில் பாதி கல்லுக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே புகுந்து காணாமல் போனது. அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தாள். இரண்டாவது உறையின் மூட்டில் முதலில் ஒரு பொட்டு தெரிந்தது. பிறகு அது நீண்டது. பிறகு சுவரோடு கோடாக இறங்கித் தண்ணீரைத் தொட்டு, புகைபோல விரிந்தது.

"வந்துடுத்து" என்றாள். யாரோ ஊரிலிருந்து வந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அழுக்கைப் போக்கிக்கொண்டு சுத்தமாகத் தண்ணீர் இறைக்கிறேன் என்று, போக்கின அழுக்கை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு அப்புறம் இறைத்திருக்கிறாள். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது. ஷிஃபானா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். கமலாக்ஷி அந்தக் கையை உதறவில்லை.

கொடியில் துணி எடுக்க வந்த பாக்கியலக்ஷ்மி, எடுத்த துணியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தீஸ்வரன் மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்தார். கல்லைப் பெயர்த்து, வெடிப்பை அடைத்து, கிணற்றைச் சுற்றிச் சாய்வாகச் சிமெண்ட் போட்டார்கள். பச்சைத் தண்ணீரை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் கலந்து, மருந்து வாசனை போகும்வரை காத்திருந்தார்கள். கமலாக்ஷி குளியலறைக்குள் போய்க் குளித்தாள். அப்புறம் எடுத்த குப்பி கறுக்கவில்லை. சார் விடாமல் அடுத்த வாரமும் எடுக்கச் சொன்னார். அதுவும் தேநீராகவே இருந்தது. "குழிக்கும் ஒரு கண்ணு வைக்கணும் மாமி. பட்சே, இப்ப வந்தது அதுலேர்ந்தல்ல. குளிச்ச தண்ணியிலயும் அதே கிருமி உண்டு" என்றார்.

அதற்குள் மாத முடிவு வந்திருந்தது. கமலாக்ஷி பின்கட்டுக்குப் போனபோது சங்கிலிப்பாண்டி வேலைக்குப் போயிருந்தான். பாத்திர மூட்டை ஒன்றும் துணி மூட்டை ஒன்றும் சுவரோரமாக இருந்தன. பாக்கியலக்ஷ்மி மூன்றாவது மூட்டைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள். அஞ்சனா அம்மாவின் பின்னால் நின்றாள்.

"போக வேண்டாம் பாக்கியம். தப்பு எம்மேலயாக்கும்."

"அஞ்சுப் பாப்பா சொல்லுச்சு மாமி. நானும் பார்த்தேன்ல."

"கோவம் வச்சுக்காதே."

"கோவமெல்லாம் இல்ல." கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "மொதல்ல எங்க குழியிலதான ஊத்துனீக? அதுல வரலைன்னதும் சாக்கடையில ஊத்துனீக. ஒங்க காலுக்குக் கீழ ஊத்தணும்னு கடைசியிலதான தோணுச்சு?"

அஞ்சனாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. வாளியைத் தூக்கிப்போய் முதலில் குழியில் ஊற்றினவர்களில் அவளும் ஒருத்தி. காப்பாற்றத்தான் ஊற்றினாள். ஆனாலும் அங்கேதான் ஊற்றினாள்.

"இப்ப தெரிஞ்சாச்சே, பின்ன என்ன? இருங்கோ" என்றாள் கமலாக்ஷி.

"ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாணு கடையில பாலு வாங்கப் போனா, ஒங்க குழியான்னு கேக்குறாக. மகாவைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைக மூக்கப் பொத்திக்கிட்டுக் கூப்பிடுதுக. எந்தெந்த வீட்ல எங்க குழின்னு சொன்னீகளோ, அந்த வீட்லயெல்லாம் போயி நெசத்தச் சொல்லுங்க மாமி. மூட்டையப் பிரிக்கிறேன்."

"சொன்னா யாராக்கும் மாவு வாங்குவா? நவராத்திரி ஆர்டர் என்னாகும்?"

"எனக்குத் தெரியல மாமி. எங்களுக்கு எவுக வீடு குடுப்பாகன்னு எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

 இத்தனை நாள் பாக்கெட் ஒட்டிய கை அது. கயிற்றைப் பிடித்திருந்த அந்தக் கையைக் கமலாக்ஷி பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அஞ்சனாவும் கூடப் போனாள்.

முதலில் நாணுவின் கடை. அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். முடித்ததும் நாணு பிரிட்ஜைத் திறந்து மாவு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினான். "ஒண்ணும் தப்பா நெனைக்கண்டா மாமி. கொறச்சு நாள் போகட்டே." அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

"இப்ப சரியாயிடுத்துன்னு சொல்லும்மா. ரெண்டு குப்பி காட்டலாம்" என்று அஞ்சனா கிசுகிசுத்தாள்.

"குப்பியெல்லாம் அப்புறம்" என்றாள் கமலாக்ஷி. பாக்கெட்டுகளைப் பையில் போட்டு மகள் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அடுத்தது ராமபத்ரன் வீடு. தெருவில் எல்லாருடைய செய்தியும் வந்து சேர்ந்து, அங்கிருந்து கிளம்பிப்போகிற வீடு. மணியடித்ததும் அவரே கதவைத் திறந்தார். கையில் காப்பி டம்ளர், முகம் நிறையச் சிரிப்பு.

"வா கமலா. இப்பத்தான் உன்னைப் பத்திப் பறஞ்சிண்டிருந்தோம். என்னாச்சு, அந்தக் குழிக்காராளைக் கெளப்பியாச்சோ?"

கமலாக்ஷி செருப்பைக் கழற்றவில்லை. படியிலேயே நின்றாள்.

"குழியில்லை அண்ணா" என்றாள். "நானாக்கும்."